லயத்துக்குள் வந்த வயர்: தலைக்கு மேலே போன கரண்ட் வீட்டுக்குள் வந்த வரலாறு



வருடத்தில் எத்தனையோ தடவை இப்படி ஒரு செய்தி நம் போன்களுக்கு வருகிறது. "மின்னொழுக்கு காரணமாக லயன் குடியிருப்பு தீக்கிரை." தோட்டத்தின் பெயர் மாறும், வீடுகளின் எண்ணிக்கை மாறும், அந்த ஒரு சொல் மட்டும் மாறாது. பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பாடசாலையிலோ கலாசார மண்டபத்திலோ தங்க வைப்பார்கள். நாமும் அரிசி, பருப்பு, உடுப்பு சேர்த்துக் கொடுப்போம். பிறகு மறந்துவிடுவோம்.

நூற்றாண்டுக்கு மேலாக மின்சாரம் உற்பத்தியாகும் மலை இது. இங்கே ஒரு வீட்டுக்குள் போகும் வயர் ஏன் இத்தனை தடவை தீப்பிடிக்கிறது? இதற்கு விஞ்ஞானப் பாடத்தில் ஒரு பதில் இருக்கிறது, வரலாற்றுப் பாடத்தில் இன்னொரு பதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் வெளிச்சம் வந்த இடம்

நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்ற இடம் பலருக்கும் தெரியும். 1912இல் அங்கே ஒரு சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அதைச் செய்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர். அன்றைய நுவரெலியா என்றால் வெள்ளைக்காரர்களின் விடுமுறைப் பட்டணம். ஹோட்டல், கிளப், பங்களா, கவர்மென்ட் கட்டடம், இவற்றுக்குத்தான் முதலில் விளக்கு எரிந்தது.

அதே காலத்தில் தோட்டங்களும் சும்மா இருக்கவில்லை. கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் காய வைக்கவும் ஸ்டோருக்கு இயந்திர சக்தி வேண்டும். மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆற்றை மறித்துக் குழாயில் இறக்கி, பெல்டன் சில்லைச் சுழற்றி, கடந்த நூற்றாண்டின் முதற்பாதியிலேயே நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்களுக்கென்று சிறு நீர்மின் இயந்திரங்களை வைத்திருந்தன. பகலில் ஸ்டோரு ஓடும். இரவில் ஸ்டோரிலும் தொரை பங்களாவிலும் லைட் எரியும். சில இடங்களில் கிளாக்கர், டீமேக்கர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வயர் போனது. அதற்குக் கீழே லயம் இருந்தது. லயத்தில் குப்பி லாம்பு எரிந்தது. குழாய்க்குக் கான் வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் அந்த லயத்துச் சனங்கள்தான்.

லக்ஷபானவும் ஒரு கணக்கும்

1918இல் விமலசுரேந்திர இலங்கைப் பொறியியல் சங்கத்தில் ஓர் ஆய்வுரை வைத்தார். களனி கங்கையின் மேல் கிளைகளான மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் பயன்படுத்தி இந்த நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருடைய வாதம். 1924இல் வேலை தொடங்கியது. பணம் இல்லை என்று சில வருடங்களிலேயே நிறுத்தினார்கள். 1931இல் அவர் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபைக்குப் போனதும் இந்தத் திட்டத்துக்காக வாதாடினார். கடைசியில் 1950இல்தான் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதற்கட்டக் கொள்ளளவு 25 மெகாவொட். நோர்ட்டன்பிரிட்ஜ் அணையில் தேக்கிய தண்ணீரில் உற்பத்தியான அந்த மின்சாரம் 66 ஆயிரம் வோல்ட் கம்பிகளில் ஏறி, மலை தாண்டி, கொழும்பு கொலன்னாவைக்குப் போனது. விமலசுரேந்திர 1953இல் காலமானார். தன் கனவின் முதல் பகுதியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்த 66 ஆயிரம் வோல்ட்டுக்குள் நம் வீட்டு வயருக்குத் தேவையான பாடம் ஒன்று இருக்கிறது. 25 மெகாவொட்டை 66 ஆயிரம் வோல்ட்டில் மூன்று கம்பிகளில் அனுப்பினால், ஒரு கம்பியில் ஓடும் ஓட்டம் சுமார் 220 அம்பியர்தான். அதே சக்தியை நம் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்புவதாக நினைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் அம்பியரைத் தாண்டும். அதைத் தாங்கும் கம்பிக்கு மலையும் போதாது, செம்பும் போதாது. கம்பியைச் சூடாக்குவது ஓட்டம். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். பதினோராம் வகுப்பில் ஜூல் விதி என்று எழுதிப் போடுகிறோமே, அதுதான். அதனால்தான் வோல்ட்டைக் கூட்டி ஓட்டத்தைக் குறைத்து அனுப்பினார்கள். அதாவது கம்பியின் சூட்டைப் பற்றி 1950இலேயே இந்த மலையில் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு லயத்து வாசலுக்கு வரவில்லை.

பிறகு 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தோடு நோர்ட்டன்பிரிட்ஜில் விமலசுரேந்திர மின் நிலையம் வந்தது. 1969இல் பொல்பிட்டிய, 1974இல் புதிய லக்ஷபான, 1980களில் கெனியன், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. மவுசாகலையில் தண்ணீர் ஏறியபோது பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிப்போனது. இன்றும் கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால், அந்தக் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுகின்றன. மக்கள் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். மின்சாரத்துக்காக நம் பகுதி ஒரு பட்டணத்தையே கொடுத்திருக்கிறது.

லயத்துக்கு ஏன் வரவில்லை?

கோபுரங்கள் தேயிலை மலைகளின் மேலே நின்றன. கம்பிகள் லயன்களின் மேலே போயின. ஆனால் வீட்டுக்குக் கரண்ட் எடுக்க வேண்டுமானால் விண்ணப்பிப்பவர் வீட்டுக்கு உரித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் இருப்பவர் வேலை செய்யும் வரைக்கும் இருக்கலாம், அவ்வளவுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கு இல்லாதவரின் வாசலுக்கு மின்கம்பம் நட எந்த அரசியல்வாதி அவசரப்படுவார்? லக்ஷபானவில் சுவிட்ச் போட்ட 1950ஐயும் இந்த 1948ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிர்வாகங்கள் மாறின, லயம் மாறவில்லை. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயன்களுக்குப் பரவலாகக் கரண்ட் வந்ததும் ஏறக்குறைய இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், 1990களிலும் 2000களிலும். அதற்கு முன் பட்டணத்துக் கடைகளில் கார் பெட்டரியை சார்ஜ் பண்ணி, தோளில் சுமந்துபோய் கறுப்பு வெள்ளை டீவி பார்த்த தலைமுறை நம்மோடு இன்னும் இருக்கிறது. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை கடைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வயர் வந்த விதம்

லயத்தின் அமைப்பை வெளியாருக்குச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஆறோ எட்டோ பன்னிரண்டோ காம்பராக்கள் ஒரே வரிசையில், சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசையில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. பல லயன்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்குப் போகும், ஒரு வீட்டுப் பேச்சும் போகும். நெருப்பும் அதே வழியில்தான் போகிறது.

இந்த வீட்டுக்கு முதலில் வந்த வயரிங் இரண்டு லைட்டுக்கும் ஒரு பிளக்குக்கும் போட்டது. அன்றைக்கு அது போதும். ரேடியோ, பிறகு டீவி, பிறகு அயன். குடும்பம் பெருகியது. மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை அடைத்து ஒரு அறை. பின்னால் தகரம் இறக்கி ஒரு குசினி. அண்ணன் தம்பி பக்கத்துக் காம்பராவில். இவர்கள் எல்லாருக்கும் தனி மீட்டர் கிடைக்கவில்லை. அதனால் மீட்டர் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தார்கள். அது வீட்டின் உள்ளே, கைமரத்தின் மேலே, விறகு காயும் அட்டாலிக்குப் பக்கத்தால் ஊர்ந்து அடுத்த வீட்டுக்குப் போனது. சில இடங்களில் அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனது.

முதல் வீட்டுக்காரர் நினைப்பார், இது என் வீட்டில் சும்மா போகிற வயர்தானே என்று. அப்படியல்ல. அந்த வயருக்குள் மூன்று வீட்டுப் பாரம் ஓடுகிறது. அவர் வீட்டிலேயே கூடிய ஓட்டம் ஓடும் வயர் அதுதான். அதற்கு வேறு கணக்கு, வேறு தடிப்பு, வேறு பாதுகாப்பு வேண்டும். இப்படி வயர் இழுத்தவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. தனி இணைப்புக் கேட்டும் கிடைக்காதவர்களுக்கு அண்ணன் வீட்டு வயர்தான் வெளிச்சம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஹார்ட்வெயார் கடையில் விற்கும் வயரில் 1/1.13, 7/0.67, 7/1.04 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை கம்பி என்பது, இரண்டாவது ஒவ்வொரு கம்பியும் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்பது. 1/1.13 என்றால் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீற்றர், லைட்டுக்குப் போடுவது. 7/0.67 என்றால் 2.5, பிளக்குக்குப் போடுவது. 7/1.04 என்றால் 6, மெயினுக்குப் போடுவது.

மீட்டரிலிருந்து 20 மீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு 1/1.13 வயர் இழுத்திருக்கிறார்கள் என்று வைப்போம். போகவும் வரவும் 40 மீற்றர் செம்பு. தடை சுமார் 0.72 ஓம். லைட்டும் டீவியும் மட்டும் ஓடினால் 2 அம்பியர். வயரில் சூடாக வீணாவது 3 வொட்டுக்கும் குறைவு. பயமில்லை.

இப்போது ஸஹர் நேரம், அல்லது தீபாவளிக் காலை. 2000 வொட் கேத்தல், 1000 வொட் அயன், 700 வொட் ரைஸ் குக்கர் மூன்றும் ஒன்றாகப் போடுகிறார்கள். சுமார் 16 அம்பியர். ஓட்டம் எட்டு மடங்கு, சூடு அறுபத்து நான்கு மடங்கு. 184 வொட் சூடு வயருக்குள்ளேயே உருவாகிறது. அதே இடத்தில் 7/1.04 வயர் இருந்தால் 31 வொட்தான்.

இதை விடப் பெரிய ஆபத்து மூட்டு. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருப்போம். காலப்போக்கில் அது தளரும், களிம்பு பிடிக்கும், அந்த இடத்தில் மட்டும் 0.1 ஓம் தடை உருவாகும். 16 அம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 25 வொட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் பலதும் 25 வொட்தான். அதை எரியவிட்டு உங்கள் அட்டாலி விறகுக்குள் சொருகி வைப்பீர்களா? சாதாரண பீ.வீ.சி. வயர் உறை 70 பாகை செல்சியஸ் வரைக்குமே ஏற்றது. அடுப்புக்கு மேலே இருக்கும் வயர் ஏற்கெனவே பாதிச் சூட்டில் இருக்கிறது.

ஃபியூஸின் கதை

இந்தச் சூட்டை நிறுத்தத்தான் ஃபியூஸ் வந்தது. வயர் எரிவதற்கு முன் தான் உருகிப் பாதையை அறுக்க வேண்டும் என்பது அதன் வேலை. ஆனால் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, உடைந்த வயரிலிருந்து ஒரு செம்பு இழையை எடுத்துக் கட்டிவிடுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். 7/0.67 வயரின் ஒரே ஒரு இழை உருக ஏறத்தாழ 40 அம்பியர் வேண்டும். அதற்கு முன்பே லைட் வயரின் உறை சூடேறி உருகத் தொடங்கிவிடும். அப்போது ஃபியூஸ் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இன்னொரு வரலாறும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டும்போது பிரித்தானியர்கள் வீட்டு வயரிங்கைப் புதிதாக யோசித்தார்கள். செம்புக்குத் தட்டுப்பாடு, ஆனாலும் பாதுகாப்பு வேண்டும். 1947இல் அவர்கள் நியமமாக்கிய சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கின் உள்ளேயே ஒரு ஃபியூஸ் வைத்தார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் தனிக் காவல். அந்த வருடத்தில் பிரித்தானியக் கம்பனித் தோட்டங்களின் லயன்களில் குப்பி லாம்பு எரிந்துகொண்டிருந்தது. நம் நாட்டிலும் அண்மைக் காலத்தில் இதே பிளக்தான் தேசிய நியமமானது. ஃபியூஸ் இல்லாத மலிவு மல்டி பிளக்கும் அதன் பக்கத்திலேயே விற்கிறது.

'மின்னொழுக்கு' என்ற சொல்

ஆரம்பத்தில் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். ஒழுக்கு என்றால் கசிவு. கரண்ட் வயரை விட்டு வெளியே கசிந்து நிலத்துக்குப் போவது. மேலே சொன்ன லயத்தில் நடப்பது அதுவல்ல. அங்கே கரண்ட் எங்கும் கசியவில்லை. வயருக்குள்ளேயே, வயர் தாங்காத அளவுக்கு ஓடுகிறது. அதற்குப் பெயர் மிகைச்சுமை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால் ஒரு தவறான நம்பிக்கை வந்திருக்கிறது. "எங்க வீட்ல ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்ல" என்கிறோம். வீட்டில் பொதுவாக இருக்கும் அந்த ஆர்.சி.சி.பி. 30 மில்லிஅம்பியர் கசிவு வந்தால் விழும். ஷொக் அடித்து உயிர் போவதை அது தடுக்கும், அவசியம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு வயரில் 16க்குப் பதில் 30 அம்பியர் ஓடினால் அது அசையாது. அதற்கு ஒவ்வொரு வயருக்கும் ஏற்ற எம்.சி.பி. வேண்டும். லைட் வயருக்கு 6 அம்பியர், 7/0.67 பிளக் வயருக்கு 16 அல்லது 20, 7/1.04 மெயின் வயருக்கு 32. இதற்கு மேல் போடக் கூடாது.

செய்தியில் 'மின்னொழுக்கு' என்று எழுதும்போது, அது யாரும் பொறுப்பில்லாத இயற்கை விபத்து மாதிரி ஆகிவிடுகிறது. 'மூன்று குடும்பத்துக்கு ஒரு மீட்டர், மெல்லிய வயர், உரித்துக் கடிதம் கிடைக்காத இருபது வருடம்' என்று எழுதினால் கேள்வி வேறு ஆட்களிடம் போகும்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, இன்றைக்கே பார்க்க முடிந்தவை. உங்கள் வீட்டினூடாக வேறு வீட்டுக்கு வயர் போகிறதா என்று பாருங்கள். போனால், தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு அதன் தடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் மூட்டு இல்லாத ஒரே துண்டாக, பைப்புக்குள், அடுப்புக்கும் அட்டாலிக்கும் தகர விளிம்புக்கும் தள்ளிப் போக வேண்டும். புறப்படும் இடத்தில் அதற்கென்று தனி எம்.சி.பி. இருக்க வேண்டும். சுவிட்சைத் தொட்டால் சூடு, பிளாஸ்டிக் கருகும் மணம், கேத்தல் போட்டதும் லைட் மங்குவது, இவை மூன்றும் வயர் கொடுக்கும் எச்சரிக்கை. தனியாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட ஒரு வீட்டுக்குச் செலவு கூடும். லயமே சேர்ந்து ஒரு நாளைக்குக் கூப்பிட்டால் தாங்கலாம். மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்த நமக்கு இது முடியும்.

இரண்டு, கேட்க வேண்டியவை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மீட்டர், கம்பத்திலிருந்து நேராக ஒரு வயர். 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு இது கிடைக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நம்மில் எத்தனையோ பேர் அங்கே நின்றோம். அந்த வீடுகள் எல்லாருக்கும் வந்து சேரும் வரைக்கும் மற்றவர்கள் அதே லயத்தில்தான் தூங்க வேண்டும். ஆகவே 'புது வீடு வரும்' என்பது பழைய வயரை மாற்றாமல் இருப்பதற்குக் காரணமாக முடியாது. தொழிற்சங்கத் தலைவர்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் சம்பளம் பேசும் மேசையில் இதையும் வைக்க வேண்டும்.

தீ வந்த பிறகு உதவிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சனங்கள் சாம்பலுக்குள் முதலில் தேடுவது நகையை இல்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் ஓ.எல். பெறுபேறு. 1948இலிருந்து 2003 வரைக்கும் ஒரு கடதாசிக்காக அலைந்த சமூகம் நாம். அந்தக் கடதாசிகள் இருக்கும் பெட்டிக்கு மேலேதான் அந்த வயர் போகிறது. அதனால் இன்னொரு சின்ன வேலையும் செய்யுங்கள். எல்லாப் பத்திரங்களையும் ஒரே உறையில் போட்டு, வெளியே ஓடும்போது கை எட்டும் இடத்தில் வையுங்கள். போட்டோ எடுத்து வேறு வீட்டிலிருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்துக்கு எந்த வருடம் கரண்ட் வந்தது, முதல் பல்ப் யார் வீட்டில் எரிந்தது, அன்றைக்குப் போட்ட வயர் இன்னும் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். தோட்டம் தோட்டமாகச் சேர்த்து வைக்கிறேன். எந்த லயத்தில் எவ்வளவு பழைய வயர் இருக்கிறது என்று அப்போது நமக்கே தெரியவரும். கேட்கப் போகிறவர்கள் கையில் அந்தப் பட்டியல் இருப்பது நல்லது.